வாட்டமே முதல்: குளியலறைத் தரையை என் கையால் அமைத்த அனுபவம்

எங்கள் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே இருக்கும் அறையின் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரக்கறை தென்பட்டபோது, அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, பக்கத்தில் தேதியையும் குறித்து வைத்தேன். இரண்டே வாரங்களில் கறை அந்தக் கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் டைல்களின் இடைவெளிகளைச் சுரண்டிப் புதிய கிரௌட், அதாவது இடைவெளியை நிரப்பும் கலவை, போட்டிருந்தோம். வேலை செய்தவர் இனி ஒழுகாது என்று உறுதியாகச் சொன்னார், நாங்களும் நம்பினோம். இந்த முறை யாரையும் அழைக்காமல், காரணத்தைக் கண்டறிந்து அடியிலிருந்து நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

உடைப்பதற்கு முன்பு, கசிவது தண்ணீர்க் குழாயா அல்லது தரையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். குழாய் என்றால் தரையை உடைப்பது வீண் வேலை. நான்கு நாள்கள் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்காமல், ஆனால் குழாயில் தண்ணீர் எப்போதும் இருக்கும்படி விட்டு வைத்தோம். கறையின் விளிம்பு உலரத் தொடங்கியது. குழாயில் ஓட்டை இருந்திருந்தால், குளித்தாலும் குளிக்காவிட்டாலும் அது கசிந்துகொண்டே இருந்திருக்கும். ஐந்தாம் நாள் தரையில் மட்டும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதும் மறுநாளே கறை மீண்டும் நனைந்தது. அதன் பிறகே சுத்தியலை எடுத்தேன்.

டைல்களைப் பெயர்த்ததும், கீழே இருந்த மணற்கலவை பிழிந்தால் ஈரம் ஒட்டும் அளவுக்கு ஊறிக் கிடந்ததைக் கண்டேன். கான்கிரீட் தளத்தின் மீது நீர்த்தடுப்புப் பூச்சு என்று எதுவுமே இல்லை. அப்போதுதான் முந்தைய ஆண்டின் தவறு முழுமையாக விளங்கியது. டைல் நீரை உள்ளே விடாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் டைல்களுக்கு இடையிலுள்ள சிமெண்ட் கிரௌட் நுண்துளைகள் கொண்டது, சுவரும் தரையும் சேரும் மூலை காலப்போக்கில் மயிரிழையளவு விரிவது இயல்பு. ஆகவே சிறிதளவு நீர் கீழே இறங்கியே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் தரையை வடிவமைக்க வேண்டும். காலுக்குத் தெரியும் தரை டைல். வீட்டைக் காக்கும் தரையோ அதற்கு அடியில், ஒருமுறை மூடிய பிறகு யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

எங்கள் குளியலறை 2.4 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்டது, 3.6 சதுர மீட்டர். தரை நீரை வடிகால் குழாய்க்குள் இறக்கும் ஃப்ளோர் ட்ராப் வாசலுக்கு எதிர்ப்புறம், ஒரு மூலையில் அமைந்திருந்தது. இது எனக்கு வாய்த்த நல்ல சூழ்நிலை என்பதை வரைபடம் போட்டபோது உணர்ந்தேன். ட்ராப் அறையின் நடுவில் இருந்தால் நான்கு பக்கத்திலிருந்தும் தரை சரிய வேண்டும். அந்தச் சரிவுகள் சந்திக்கும் கோடுகளில் பெரிய டைல் உட்காராது, குறுக்காக வெட்டியோ மிகச் சிறிய டைல்களைப் பயன்படுத்தியோ சமாளிக்க வேண்டும். ட்ராப் மூலையில் இருந்தால், தரை முழுவதையும் அந்த மூலையை நோக்கிச் சாய்ந்த ஒரே பலகை போல அமைத்துவிடலாம். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம் (நீர் ஓடுவதற்கான சரிவு) வைத்தேன். அதாவது மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் உயர்வு. அந்தக் கணக்கில் நீளச் சுவரின் மறுமுனை 24 மில்லிமீட்டரும், அகலச் சுவரின் மறுமுனை 15 மில்லிமீட்டரும், ட்ராப்புக்கு நேர் எதிர் மூலை இரண்டும் சேர்ந்து 39 மில்லிமீட்டரும் உயர்ந்திருக்க வேண்டும். இரு திசைச் சரிவுகளும் கூடுவதால், மூலைவிட்டத் திசையில் உண்மையான வாட்டம் ஏறத்தாழ எழுபதுக்கு ஒன்று ஆகிறது. நீர் தயங்காமல் ஓடுவதற்கு இது போதும். நிற்பவருக்குச் சாய்வு உறுத்துவதும் இல்லை.

இந்த எண்களைத் தாளில் எழுதுவது எளிது, தரையில் கொண்டுவருவதுதான் வேலை. கண்ணை நம்பக் கூடாது. பழைய வீடுகளில் சுவர் அடியும் கான்கிரீட் தளமும் மட்டமாக இருப்பது அரிது. ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பிய டியூப் லெவலைக் கொண்டு, அறையைச் சுற்றித் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் ஒரே மட்டக் கோடு வரைந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு மூலையிலும், சுவர்களின் நடுவிலும் அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளந்து, அந்தந்த இடத்துக்குரிய உயரத்தைக் குறித்தேன். இதைச் செய்ய அரைநாள் ஆயிற்று. ஒரு பிடி கலவை கூடப் போடாமல் கழிந்த அந்த அரைநாளே முழு வேலையிலும் மிகவும் பயனுள்ள பொழுது என்று இன்றும் நினைக்கிறேன்.

எடையையும் கணக்கிட்டேன். ட்ராப் அருகே 25 மில்லிமீட்டர், எதிர் மூலையில் 64 மில்லிமீட்டர் என்று கலவையின் தடிமன் அமைந்தால், சராசரி 44 அல்லது 45 மில்லிமீட்டர் வரும், அது 0.16 கனமீட்டர் கலவை, 300 கிலோவுக்கு மேற்பட்ட சுமை. நான் பெயர்த்து எடுத்த பழைய கலவையும் டைலும் ஏறத்தாழ அதே தடிமனில் இருந்ததால் தளத்துக்குப் புதிய பாரம் ஏறவில்லை. பழைய தரையின் மீதே புதிய தரை போட நினைப்பவர்கள், அல்லது தரையை வெகுவாக உயர்த்த விரும்புபவர்கள், தளத்தின் தாங்குதிறனை ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டறியாமல் தொடங்கக் கூடாது.

கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியைக் கழுவி, ஓர் இரவு ஈரமாக வைத்திருந்தேன். மறுநாள் தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, பால் சிமெண்டை (நீரில் கரைத்த வெறும் சிமெண்டை) துடைப்பத்தால் தேய்த்து, அது உலர்வதற்குள் கலவையைக் கொட்டினேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். சிமெண்ட் 60 கிலோவுக்குச் சற்று மேல் பிடித்தது. கலவையில் நீரைக் குறைவாக வைப்பதுதான் முக்கியம். உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. தளர்வான கலவையை இழுத்து விடுவது சுலபம்தான். ஆனால் அது தானாகவே மட்டமாகப் படிந்து நாம் வைத்த வாட்டத்தை அழித்துவிடும், காயும்போது சுருங்கி வெடிப்பும் விடும். முதலில் சுவரோரங்களில் குறித்த உயரத்துக்குக் கலவைப் பட்டைகளை அமைத்து, அவை சற்று இறுகியதும் இடைப்பகுதியை நிரப்பி, நேரான அலுமினியச் சட்டத்தைப் பட்டைகளின் மேல் வைத்து இழுத்தேன். பிறகு பரப்பைச் சமன்படுத்தும் மணியாசு கட்டையால் தேய்த்தேன். வழவழப்பாக்கவில்லை, அடுத்த பூச்சு பிடிக்கச் சற்றுச் சொரசொரப்பு வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை மிக அதிகம், அதன் பிஎச் அளவு 12 முதல் 13 வரை இருக்கும். முழங்காலிட்டு வேலை செய்தபோது கால்சட்டை நனைந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மாலையில் பார்த்தால் இரண்டு முழங்கால்களிலும் தோல் சிவந்து எரிந்தது, ஆற ஒரு வாரம் பிடித்தது. நீர் புகாத முழங்கால் உறையும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஏழு நாள்கள் சாக்கு விரித்து நீராற்றினேன். மூன்றாம் நாளிலேயே கால் வைத்து நடக்கலாம் போல இருக்கும். ஆனால் சிமெண்ட் வலுப்பெறுவது உலர்வதால் அன்று, நீரோடு வினைபுரிவதால். அதற்குரிய ஈரத்தைப் பறித்துக்கொண்டால் மேற்பரப்பு மாவாக உதிரும்.

நான் செய்த முதல் பெரும் பிழை இந்தக் கட்டத்தில்தான் வெளிப்பட்டது. ட்ராப்பின் கழுத்தை, அதாவது மேல்நோக்கி நிற்கும் அதன் குழாய்ப் பகுதியை, டைல் எங்கே முடியுமோ அந்த உயரத்துக்கு வரும்படி நிறுத்தி, அதைச் சுற்றிக் கலவை போட்டிருந்தேன். டைலின் மேல் ஓடும் நீர் அதில் விழும் என்பது மட்டுமே என் எண்ணத்தில் இருந்தது. நீராற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், கலவையின் மேல் வழிந்த நீர் முழுவதும் ட்ராப் வரை ஒழுங்காக ஓடிவந்து, கழுத்தைச் சுற்றிக் குளம் போல நின்றுவிட்டது. கழுத்து கலவையைவிட 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்ததால் நீருக்கு உள்ளே போக வழியில்லை. டைல் ஒட்டிய பிறகு இதே நிலைதான் என்றைக்கும் இருந்திருக்கும்: இடைவெளிகள் வழியே கீழே இறங்கிய நீர், நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் ஓடிவந்து ட்ராப்பைச் சுற்றித் தேங்கி, அங்கேயே நாற்றமெடுத்து, டைலின் பிடிப்பையும் மெல்லத் தளர்த்தியிருக்கும்.

உண்மையில் ட்ராப்புக்கு இரண்டு வாய்கள் வேண்டும். கீழ் வாய் கலவையின் மட்டத்தில் இருந்து, பூச்சின் மேல் வரும் நீரை வாங்க வேண்டும். மேலே ஜாலி (துளைகளுள்ள மூடி) பொருந்தும் சட்டம் டைலின் மேற்பரப்பைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்து, மேல்நீரை வாங்க வேண்டும். நல்வாய்ப்பாகக் கழுத்து பிவிசி என்பதால், இரம்பத் தகட்டைக் கையில் பிடித்து உட்பக்கமாகவே சுற்றி அறுத்துக் கலவை மட்டத்துக்குக் குறைக்க முடிந்தது. ஜாலிச் சட்டத்தைப் பின்னர் டைலோடு சேர்த்துத் தனியாக அமைத்தேன். ட்ராப்புக்குள் எப்போதும் நிற்கும் நீர்ப்பூட்டு 50 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறதா என்பதையும் அப்போதே அளந்துகொண்டேன். சாக்கடைக் காற்று அறைக்குள் வராமல் தடுப்பது அந்த நீர்தான்.

நீர்த்தடுப்புப் பூச்சைக் கலவைக்கு அடியில் போடுவதா, மேலே போடுவதா என்ற கேள்வி எழுந்தது. அடியில் போட்டால் கட்டிடத் தளம் காக்கப்படும், ஆனால் மேலிருக்கும் கலவை ஊறிக்கொண்டே இருக்கும். எங்கள் பழைய தரையில் ஊறிய கலவையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்ததால், வாட்டம் வைத்த கலவையின் மேல், டைலுக்கு நேர் அடியில் போடுவதையே தேர்ந்தேன். பொடியும் திரவமுமாக இரண்டாகக் கிடைக்கும், வளைந்து கொடுக்கும் தன்மையுள்ள சிமெண்ட் பூச்சு அது. சுவரும் தரையும் கூடும் செங்கோண மூலைகளில் பூச்சு மெலிந்து வெடிக்கும் என்பதால், முதலில் அங்கே கலவையால் சிறு சரிவு கொடுத்து மழுக்கினேன். மூலைகளிலும் ட்ராப் கழுத்தைச் சுற்றியும் முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலையைப் பதித்தேன். முதல் பூச்சை நீளவாக்கிலும், அது உலர்ந்தபின் இரண்டாவதை அகலவாக்கிலும் தூரிகையால் இழுத்தேன். ஒரே திசையில் இரண்டு முறை இழுத்தால், முதல் முறை விடுபட்ட ஊசித்துளைகள் மறுமுறையும் விடுபட வாய்ப்புண்டு. சுவர்களில் 300 மில்லிமீட்டர் வரையும், குளிக்கும் மூலையின் இரு சுவர்களிலும் ஆளுயரத்துக்கும் பூச்சை ஏற்றினேன். அதற்காகச் சுவர் டைல்களைப் பெயர்க்க வேண்டியிருந்தது. சிலர் இதைத் தவிர்க்க, பூச்சைத் தரையோடு நிறுத்திவிடுகிறார்கள். நீர் நுழைவதே அந்த மூலையில் என்னும்போது, அதைத் திறந்து விட்டுப் பூசுவதால் என்ன பயன்?

பூச்சு பொட்டலத்தில் குறிப்பிட்டபடி முழுமையாக இறுகிய பின், வாசலில் ஒரு வரிசைச் செங்கல்லை வைத்துத் தடுப்புக் கட்டி அதற்கும் பூச்சு கொடுத்து, ட்ராப்பை ரப்பர் அடைப்பானால் மூடி, உயரமான மூலையிலும் 10 மில்லிமீட்டர் நிற்கும் அளவுக்கு நீர் நிரப்பினேன். நூறு லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது. சுவரில் நீர்மட்டத்தைக் குறித்தேன். அதோடு, அறையின் உலர்ந்த திண்டில் ஓர் அகலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, அதிலும் கோடு போட்டு வைத்தேன். தானாக ஆவியாகும் நீர் எவ்வளவு என்று தெரியாவிட்டால் தரையின் மட்டம் குறைவதற்குப் பொருள் சொல்ல முடியாது அல்லவா?

மறுநாள் காலையில் பாத்திரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது, தரையிலோ நான்கு. இவ்வளவு உழைத்தும் பூச்சு தோற்றுவிட்டதே என்று மனம் உடைந்து போயிற்று. ஆனால் கீழறைக் கூரையில் புதிய ஈரம் எதுவும் இல்லை. அப்படியானால் அந்த நீர் எங்கே போயிற்று? வடிகால் குழாய் வெளியே திறக்கும் தொட்டியை எட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது: குழாயின் வாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. நான் அறுத்த கழுத்தின் விளிம்பில் பிசிர் இருந்ததால் அடைப்பான் முழுமையாகப் பொருந்தவில்லை. நீரை இறக்கி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்தில் பூச்சைப் புதுப்பித்து, உலரவிட்டு மீண்டும் நிரப்பினேன். இம்முறை 48 மணி நேரம் வைத்திருந்தேன். தரையிலும் பாத்திரத்திலும் ஒரே அளவு குறைந்திருந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் டைல் ஒட்ட யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அவர் எத்தனை தரை போட்டவராக இருந்தாலும்.

டைலைப் பொறுத்தவரை, அழகைவிட வழுக்காமையைத்தான் முதலில் பார்த்தேன். காலணியோடு நடக்கும் இடங்களுக்கு டின் 51130 என்ற ஜெர்மானியத் தரநிலையில் வந்த ஆர் 9 முதல் ஆர் 13 வரையிலான தரப்பிரிவு உண்டு. வெறுங்காலோடு நனைந்த தரையில் நடப்பதற்கு டின் 51097 என்ற தனித் தரநிலையில் வந்த ஏ, பி, சி என்ற வகைப்பிரிவு உண்டு. இதில் பி வகை, 18 பாகைச் சரிவு வரை வழுக்காமல் தாங்கும். குளிக்கும் இடத்துக்குப் பொருந்துவது இரண்டாவது அளவீடுதான். 300 மில்லிமீட்டர் சதுர டைலில், மெருகற்ற மேற்பரப்பும் பி வகையும் உள்ளதாகத் தேர்ந்தேன். கணக்குப்படி 40 டைல் போதும். வெட்டுச் சேதத்துக்கும் பிற்காலப் பழுதுக்குமாக 46 வாங்கினேன். எல்லாப் பெட்டிகளிலும் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நிறச்சாயல் மாறும்.

பசை பூசுவதற்கு முன் டைல்களை 3 மில்லிமீட்டர் இடைவெளியோடு வெறுமனே அடுக்கிப் பார்த்தேன். வெட்டுத் துண்டுகள் எந்தச் சுவரோரம் வரும், ஜாலியைச் சுற்றி எப்படி வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அப்போதே தெளிவாகிவிடும். வெட்டும்போது கத்தியில் நீர் விழும்படி பார்த்துக்கொண்டு முகமூடியும் அணிந்தேன். உலர்ந்து பறக்கும் டைல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக் கூடியது.

பால் சிமெண்டில் டைல் பதிக்கும் பழைய முறை, நீரை உறிஞ்சும் டைல்களுக்கு ஏற்பட்டது. நான் வாங்கிய வகை 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். அதன் முதுகில் வெறும் சிமெண்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. பாலிமர் கலந்த டைல் பசையே அதற்குரியது. பசையைக் குழைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி குழைத்து, 10 மில்லிமீட்டர் பல் கொண்ட கரண்டியால் ஒரே திசையில் நேர்கோடுகளாக இழுத்தேன். வட்டவட்டமாக இழுத்தால் கோடுகளுக்கு இடையே காற்று சிறைப்பட்டுவிடும். டைலின் முதுகிலும் மெல்லிய படலமாகப் பசை தடவி, கோடுகளுக்குக் குறுக்குத் திசையில் முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினேன். முதல் டைலை உடனே பெயர்த்துப் பார்த்து, முதுகு முழுவதும் பசை பரவியிருக்கிறதா என்று உறுதி செய்தேன். நனையும் தரையில் 95 சதவீதமாவது பரவியிருக்க வேண்டும்.

இரண்டாம் பிழை இங்கே நேர்ந்தது. ஜாலிக்கு அருகே வரும் டைலை வெட்டுவதற்கு எதிர்பார்த்ததைவிட நேரமாகிவிட்டது. அதற்குள் மூன்று டைல் அளவுக்குப் பசையை இழுத்து வைத்திருந்தேன். விரலால் தொட்டால் பசை விரலில் ஒட்ட வேண்டும். அது ஒட்டவில்லை, மேலே மெல்லிய ஆடை கட்டியிருந்தது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசியிருக்க வேண்டும். களைப்பில், அழுத்தி வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். மறுநாள் மரக்கட்டையால் தட்டிப் பார்த்தபோது மூன்று டைல்களிலும் வெற்றொலி கேட்டது. அவற்றைப் பெயர்த்தபோது அடியிலிருந்த நீர்த்தடுப்புப் பூச்சும் ஓரிடத்தில் உரிந்து வந்தது. அதைச் சீராக்கி, உலரவிட்டு, மறுபடியும் நீர் தேக்கிச் சோதித்துவிட்டே தொடர்ந்தேன். பத்து நிமிடச் சோம்பலுக்கு ஐந்து நாள்கள் போயின.

கிரௌட் வேலை ஒரே பகலில் முடிந்தது. நனையும் தரைக்குச் சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரௌட்டே நல்லது. ஆனால் அது விரைவில் இறுகிவிடும் என்பதால், சிறுசிறு அளவாகக் கலந்து, ஒவ்வொரு பகுதியையும் உடனுக்குடன் துடைத்துக்கொண்டே வர வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரௌட் இடாமல் சிலிக்கோன் இட்டேன். இரண்டும் வெவ்வேறாக அசைபவை என்பதால், இறுகிய பொருள் எதுவும் அங்கே நிலைக்காது. அதற்கு ஒரு முழுநாள் உலரும் நேரம் கொடுத்த பின்பே குழாயைத் திறந்தோம்.

வாசலோரத்தில் இரண்டு டைல்களுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கால் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதை அப்படியே விட்டுவிட்டேன். குளித்து முடித்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தரையில் தேங்கிய நீர் எங்கும் இல்லை, ஈரப் படலம் மட்டும் இருக்கிறது. கீழறைக் கூரைக்கு உடனே வண்ணம் பூச வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். நான் மறுத்து, கறையைச் சுற்றிப் புதிதாக ஒரு பென்சில் கோடு வரைந்து தேதி எழுதினேன். மூன்று மாதங்கள் நாள்தோறும் குளித்தோம். கறை வெளிறி உள்ளே சுருங்கிற்று, கோட்டை ஓரிடத்திலும் தொடவில்லை. அதன் பிறகுதான் கோட்டை அழித்துவிட்டு வண்ணம் பூசினேன்.